ஒரே மாவட்டம், பல பள்ளிகள்: டர்பனில் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி?

டர்பனுக்கு வேலை கிடைத்து வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்த்து முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பக்கம் நல்ல பிரைமரி ஸ்கூல் எது?" நாலைந்து தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பங்களும் பேரப்பிள்ளையை கிரேட் ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) வகுப்பில் சேர்க்கும் நேரத்தில் இதையேதான் கேட்கிறார்கள். கோயிலில் கேட்டால் ஒரு பெயர், ஆபீஸில் கேட்டால் இன்னொரு பெயர் வரும். அரசு வெளியிட்ட தரவரிசை ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் தென்னாப்பிரிக்காவில் தொடக்கப் பள்ளிகளுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை.

உயர்நிலைப் பள்ளிகளுக்கு, கிரேட் 12 முடிவில் எழுதும் மேட்ரிக் தேர்வு இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள், பள்ளிவாரியாக முடிவுகளும் வெளிவருகின்றன. தொடக்கப் பள்ளிகளுக்கும் 2011 முதல் 2014 வரை ஆண்டுதோறும் தேசிய அளவில் ஒரு பொதுத் தேர்வு நடந்தது. ஆசிரியர் சங்கங்களின் எதிர்ப்பால் அது 2015இல் நின்றுபோனது. இப்போது கிரேட் 3 பிள்ளையின் ரிப்போர்ட்டில் இருக்கும் மதிப்பெண், அந்தப் பள்ளி தானே கேள்வி போட்டு, தானே திருத்தித் தந்தது. அதனால் ஒரு பள்ளியில் வாங்கும் 80ஐயும் பக்கத்துப் பள்ளியில் வாங்கும் 80ஐயும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

தேர்ச்சி விகிதமும் இந்த வயதில் அதிகம் உதவாது. இங்கே ஒரு பிள்ளையை ஒரு கட்டத்துக்குள் ஒரு முறைதான் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்பது விதி. கிரேட் ஆர் முதல் 3 வரை ஒரு கட்டம், 4 முதல் 6 வரை அடுத்த கட்டம். எனவே "எங்கள் பள்ளியில் எல்லோரும் பாஸ்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதில் அந்த விதியின் பங்கும் இருக்கிறது.

சரி, அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? ஒப்பிட நிறைய இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் உண்மையில் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மாவட்டம். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 12 கல்வி மாவட்டங்கள் உள்ளன. டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகரம் உம்லாசி, பைன்டவுன் என்ற இரண்டு கல்வி மாவட்டங்களில் அடங்குகிறது. சாட்ஸ்வொர்த் பள்ளிகள் உம்லாசி மாவட்டத்தில் வருகின்றன, ஃபீனிக்ஸ் பள்ளிகள் பைன்டவுன் மாவட்டத்தில். பெயரைப் பார்த்து, உம்லாசி என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பு (டவுன்ஷிப்) மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். உம்லாசியோடு, வெள்ளையர் பகுதியாக இருந்த ப்ளஃப், இந்தியர் பகுதிகளாக இருந்த இசிப்பிங்கோ, சாட்ஸ்வொர்த் எல்லாம் அந்த ஒரே மாவட்டம்தான். அதாவது நிறவெறிக் காலத்தில் வெள்ளையருக்கென்று கட்டிய பள்ளி, இந்தியருக்கென்று கட்டிய பள்ளி, கறுப்பினத்தவருக்கென்று கட்டிய பள்ளி மூன்றும் இன்று ஒரே மாவட்ட அலுவலகத்தின் கீழ் இருக்கின்றன. மூன்றுக்கும் கட்டடமும் மைதானமும் அன்று ஒதுக்கிய பணமும் வேறு வேறு. ஒரே மாவட்டத்தில் இருப்பதாலேயே அவற்றை ஒன்றுக்கொன்று சமமாக வைத்து ஒப்பிடுவது நியாயம் ஆகாது. 1960களில், எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் ஊர் விட்டு ஊர் மாற்றப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பல இன்றும் அதே கட்டடங்களில்தான் நடக்கின்றன.

குவின்டைல் என்ற எண்

பள்ளியைப் பற்றிக் காதில் விழும் முதல் எண் பெரும்பாலும் இதுதான். "அது குவின்டைல் 5 ஸ்கூல்" என்று சொல்வார்கள். கேட்பவர் ஐந்து நட்சத்திர ஓட்டல் மாதிரி நினைத்துக்கொள்வார். அந்த எண்ணுக்கும் கற்பித்தலின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

அரசு எல்லாப் பொதுப் பள்ளிகளையும் ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறது. பள்ளியைச் சுற்றியுள்ள மக்களின் வருமானம், வேலையின்மை, கல்வி நிலை ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து, மிக ஏழ்மையான வட்டாரத்துப் பள்ளிகளுக்கு 1, வசதியான வட்டாரத்துப் பள்ளிகளுக்கு 5 என்று எண் கொடுக்கிறார்கள். பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று தீர்மானிக்கத்தான் இந்த ஏற்பாடு. 1, 2, 3 ஆகிய பிரிவுப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாடும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். 4, 5 பிரிவுப் பள்ளிகள் பெற்றோரிடம் கட்டணம் வாங்கலாம். ஆசிரியர் சம்பளம் தனியாக வந்துவிடும். எழுதுபொருள், தண்ணீர், மின்சாரம், சின்னப் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு தரும் பணம் மட்டும் பிரிவுக்குப் பிரிவு மாறும். 5ஆம் பிரிவுக்குக் கிடைப்பது, முதல் மூன்று பிரிவுகளுக்குக் கிடைப்பதில் சுமார் ஆறில் ஒரு பங்கு.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. அந்த எண் பள்ளி நிற்கும் இடத்தை அளக்கிறது, உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அளக்கவில்லை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியைச் சுற்றி ஓரளவு வசதியான வீடுகள் இருக்கலாம். ஆனால் காலையில் அந்தப் பள்ளி வாசலில் நின்று பார்த்தால், வெல்பெடாக்ட்டிலிருந்தும் உம்லாசியிலிருந்தும் தகரக் குடியிருப்புகளிலிருந்தும் மினிபஸ் டாக்சிகளில் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அவர்கள் அப்பா அம்மாவின் வருமானம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பள்ளிக்குக் கிடைப்பதோ வசதியான பள்ளிக்கான சொற்பப் பணம். அதற்கு மேல் கட்டணம் வாங்கலாம் என்றால், கொடுக்க முடியாத பெற்றோர்களே பாதிக்கு மேல் இருப்பார்கள். இப்படி இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டு, நல்ல ஆசிரியர்களை வைத்து அழகாக நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. சுவரில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்து அவற்றை ஒதுக்கிவிடுவது பெரிய அநியாயம்.

எனவே குவின்டைலை இரண்டு விஷயங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கட்டணம் உண்டா இல்லையா என்று அறிய ஒன்று. ஒப்பிடும்போது 5ஐ 5ஓடும் 2ஐ 2ஓடும் வைத்துப் பார்க்க இன்னொன்று.

எங்கே ஆரம்பித்தார்கள், எங்கே வந்து சேர்ந்தார்கள்

பள்ளிகளை ஒப்பிடுவதில் மிக முக்கியமான கருத்து இதுதான், மிக அதிகமாக மறந்துபோவதும் இதுதான். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதல் பள்ளியில் கிரேட் 1 சேரும் 100 பிள்ளைகளில் 70 பேருக்கு ஏற்கெனவே ஆங்கில எழுத்துகளும் சின்னச் சின்னச் சொற்களும் தெரியும். நல்ல பாலர் பள்ளியில் படித்தவர்கள், வீட்டில் புத்தகம் இருப்பவர்கள். கிரேட் 3 முடிவில் 80 பேர் ஒரு கதையை வாசித்து, அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

இரண்டாம் பள்ளியில் சேரும் 100 பேரில் 20 பேருக்குத்தான் அது தெரியும். பாதிப் பேர் வீட்டில் சுலு மட்டுமே பேசுகிறவர்கள், ஆங்கிலத்தைப் பள்ளியில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். கிரேட் 3 முடிவில் 65 பேர் வாசிக்கிறார்கள்.

80 பெரிதா 65 பெரிதா என்று மட்டும் கேட்டால் முதல் பள்ளி ஜெயித்துவிடும். ஆனால் முதல் பள்ளி 10 பேரைத் தூக்கிவிட்டது, இரண்டாம் பள்ளி 45 பேரைத் தூக்கிவிட்டது. ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்கள் கேள்வியானால், பதில் இரண்டாம் பள்ளிதான். கல்வி ஆய்வாளர்கள் இதைப் பள்ளி சேர்த்த மதிப்பு என்கிறார்கள். முடிவில் வரும் எண்ணிலிருந்து, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்ததைக் கழித்துப் பார்ப்பது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முதல் பள்ளி மோசம் என்றும் இந்தக் கணக்கு சொல்லவில்லை. ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த 70 பேரும் அந்த மூன்று ஆண்டில் எவ்வளவு தூரம் போனார்கள் என்பது இதில் வரவே இல்லை. உங்கள் பிள்ளை அந்த 70இல் ஒருவராக இருந்தால், பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வியும் மாறும்: முன்னால் ஓடும் பிள்ளைக்கு இங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்?

வாசிப்பை நான் இவ்வளவு அழுத்திப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2021இல் நடந்த பிர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்பு ஆய்வில், தென்னாப்பிரிக்காவில் கிரேட் 4 பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை என்று தெரிந்தது. 2016இல் இது 78 சதவீதமாக இருந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நிலைமை இன்னும் கீழே போனது. அது மாதிரிக்கு எடுத்த பள்ளிகளில் நடந்த ஆய்வு, உங்கள் தெருப் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. கிரேட் 4 முதல் வரலாறு, அறிவியல் எல்லாமே வாசித்துத்தான் படிக்க வேண்டும். கிரேட் 3க்குள் வாசிப்பு வராத பிள்ளைக்கு அதன்பின் எல்லாப் பாடமும் கனக்கும்.

ஆசிரியர் எண்ணிக்கைக் கணக்கு

தேசிய அடிப்படைக் கல்வித் துறை தன் இணையதளத்தில் எல்லாப் பள்ளிகளின் பட்டியலையும் எக்செல் கோப்பாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் எமிஸ் எண் என்ற அடையாள எண் இருக்கும். மாகாணம், மாவட்டம், குவின்டைல், கட்டணம் உண்டா இல்லையா, எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று எல்லாம் அதில் உண்டு. குவாசுலு-நட்டாலையும் உங்கள் மாவட்டத்தையும் தொடக்கப் பள்ளியையும் வடிகட்டி எடுத்தால் போதும், ஒப்பிட ஒரு நல்ல அடித்தளம் கிடைத்துவிடும்.

அதில் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஆசிரியர்களின் எண்ணிக்கையால் வகுப்பது எல்லோரும் செய்வது. 960 பிள்ளைகள், 30 ஆசிரியர்கள் என்றால் ஆசிரியருக்கு 32 பேர். வகுப்பில் 32 பேர்தான் இருப்பார்கள் என்று நம்பிப் போனால் 40 பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஏன்? அந்த 30இல் தலைமையாசிரியரும் துணைத் தலைமையாசிரியரும் துறைத் தலைவர்களும் அடக்கம். அவர்களில் சிலர் குறைந்த நேரமே பாடம் எடுப்பார்கள், சிலருக்குச் சொந்த வகுப்பு இருக்காது. 24 வகுப்பறைதான் இருக்கிறது என்றால் 960ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், 40 வந்துவிடும். எனவே பள்ளியில் கேட்க வேண்டியது, "கிரேட் 1இல் எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பேர்?" என்ற நேர்க் கேள்விதான்.

அரசு, பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து இத்தனை ஆசிரியர் என்று ஒதுக்குகிறது. அதற்கு மேல் வேண்டும் என்றால் பள்ளி நிர்வாகக் குழு கட்டணப் பணத்திலிருந்து தானே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். எஸ்ஜிபி என்று எல்லோரும் சொல்வது இந்தக் குழுவைத்தான். ப்ளஃபில் ஆண்டுக்குப் பல்லாயிரம் ரேண்ட் கட்டணம் வாங்கும் பள்ளியில் வகுப்பு சின்னதாக இருப்பதற்கும், சாட்ஸ்வொர்த்தில் குறைந்த கட்டணப் பள்ளியில் பெரிதாக இருப்பதற்கும் பெரும் காரணம் இந்த எஸ்ஜிபி ஆசிரியர்கள்தான். எத்தனை எஸ்ஜிபி ஆசிரியர்கள், அவர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அரசு வேலை கிடைத்ததும் கிளம்பிவிடுவது அவர்கள் தப்பில்லை, ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை ஆசிரியர் மாறினால் கிரேட் 1 பிள்ளை தடுமாறும்.

அந்தப் பட்டியலில் நாலைந்து ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்துப் பார்ப்பதும் நல்லது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தால் உடனே கெட்ட பள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில் இளம் குடும்பங்கள் இடம் பெயர்ந்திருக்கலாம். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஆண்டு அரசு ஒதுக்கும் ஆசிரியர் பதவிகளும் குறையும், அதை மனதில் வையுங்கள்.

நேரில் போய்ப் பார்ப்பது

காகிதத்தில் பார்த்து இரண்டு மூன்று பள்ளியாகச் சுருக்கியபின் நேரில் போக வேண்டும். ஹால், நீச்சல் குளம், கோப்பை அலமாரி எல்லாம் காட்டுவார்கள். நான் கிரேட் 3 பிள்ளைகளின் பயிற்சி நோட்டைக் காட்டச் சொல்வேன். பாதி ஆண்டு தாண்டியும் பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுதாமல், பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதியதே பக்கம் பக்கமாக இருந்தால் யோசிக்க வேண்டும். ஆசிரியர் திருத்தி, பிள்ளை அதைப் பார்த்து மறுபடி எழுதியிருந்தால், அங்கே வேலை நடக்கிறது. அப்புறம், கதைப் புத்தகங்கள் வகுப்பில் பூட்டிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களா? கழிப்பறை எப்படி இருக்கிறது? கிரேட் 1 ஆசிரியை எத்தனை ஆண்டாக அந்த வகுப்பை எடுக்கிறார்?

மொழியைப் பற்றித் தமிழ் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. பள்ளிப் படிவத்தில் ஹோம் லேங்குவேஜ் ஆங்கிலம் என்று இருக்கும். அது அந்தப் பாடத்தின் நிலையைக் குறிப்பது, உங்கள் வீட்டு மொழியைக் கேட்கவில்லை. அதோடு கூடுதல் மொழியாக ஆப்ரிகான்ஸ் அல்லது சுலு இருக்கும். இந்த மாகாணத்தில் வாழப்போகும் பிள்ளைக்கு சுலுவே பயன்படும் என்பது என் எண்ணம். அக்கம்பக்கத்தில் பேச ஆள் இருக்கும் மொழி அது. தமிழைப் பொறுத்தவரை, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக தென்னாப்பிரிக்க அரசியலமைப்பே அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சனி, ஞாயிறு வகுப்பில்தான் கிடைக்கிறது. பள்ளியில் தமிழ் உண்டா என்று கேளுங்கள். கேட்கும் பெற்றோர் அதிகமானால்தான் எஸ்ஜிபி கூட்டத்தில் அது பேச்சுக்கு வரும்.

தூரத்தையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுப்பி லிஃப்ட் கிளப் வண்டியில் (பல வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் வண்டி) ஏற்றிவிடும் ஆறு வயதுப் பிள்ளை, வகுப்பில் பத்து மணிக்கே தூங்கி விழும். கொஞ்சம் பெயர் குறைந்த பக்கத்துப் பள்ளி அந்தப் பிள்ளைக்கு மேலாக இருக்கலாம்.

பணமும் உரிமையும்

கட்டணத்தைப் பார்த்து ஒரு பள்ளியைப் பட்டியலிலிருந்து அடிப்பதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி, கட்டணம் எவ்வளவு என்று தீர்மானிப்பது பெற்றோர் பொதுக்கூட்டம். எஸ்ஜிபியிலும் பெற்றோர் பிரதிநிதிகளே பெரும்பான்மை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடக்கும். கணக்கு வழக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு.

கட்டணச் சலுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்குக் கொடுக்க வேண்டியது, பெற்றோர் இருவரின் மொத்த ஆண்டு வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு விலக்கு கிடைக்கும். 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பகுதி விலக்கு. ஆண்டுக்கு 2,40,000 ரேண்ட் சம்பாதிக்கும் வீட்டுக்குக் கட்டணம் 12,000 என்றால் அது 5 சதவீதம், பகுதி விலக்குக் கேட்கலாம். அநாதைப் பிள்ளைகளுக்கும், வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் பிள்ளைகளுக்கும், குழந்தை உதவித்தொகை வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டணமே கிடையாது. விண்ணப்பப் படிவத்தைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட்டே பல நல்ல குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டுகின்றன. இது தர்மம் கேட்பதில்லை, சட்டம் கொடுத்தது.

பொதுப் பள்ளி சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வு வைக்கக் கூடாது. பள்ளிக் கட்டணம் தவிர பதிவுக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று தனியாக எதுவும் வாங்கக் கூடாது. பணம் கட்டவில்லை என்பதற்காக ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கவோ, விளையாட்டிலிருந்து ஒதுக்கவோ முடியாது. 2024இல் வந்த பெலா என்ற அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம் கிரேட் ஆர் வகுப்பைக் கட்டாயமாக்கியது. சேர்க்கையில் இறுதி முடிவு எடுக்கும் அதிகாரத்தையும் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குக் கொடுத்தது. பள்ளி இடமில்லை என்று சொன்னால் அதை எழுத்தில், காரணத்தோடு தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போகலாம். அங்கும் சரிவரவில்லை என்றால் மாகாணக் கல்வி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம்.